எஸ். எஃப். சாரோ ஆல்பத்தை மேடையில் முழுதாக வாசிக்கப்போகிறோம்: கதையை யார் சொல்வது?

வால்தம்ஸ்டோ விளக்கு எழுதியது:

வணக்கம். மதுரையில் திருவிழா நாடகங்களுக்கு லைட் போட்டுத் தொழில் பழகியவன் நான். இப்போது கிழக்கு லண்டனில் வால்தம்ஸ்டோவில் இருக்கிறேன். பகலில் வேறு வேலை. மாலையில் ஒரு சமூகக் கூடத்தில் மேடை விளக்கும் புரொஜெக்டரும் என் பொறுப்பு. அந்தக் கூடத்தில் நடக்கப்போகிற ஒரு நிகழ்ச்சிக்காகத்தான் இந்தக் கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு 76 வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பேஸ் கிதார் வாசிப்பார். 1968 டிசம்பரில், 19 வயதில், பிரிட்டி திங்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'எஸ். எஃப். சாரோ' எல்பி ரெக்கார்டை வாங்கியிருக்கிறார். அந்த மாதம் அவருடைய கூட்டாளிகள் கையில் இருந்தது பீட்டில்ஸின் வெள்ளை உறை இரட்டை ஆல்பமும் ரோலிங் ஸ்டோன்ஸின் புது ஆல்பமும். இவர் வாங்கியதை ஒருவரும் கடைசி வரை கேட்கவில்லையாம். இரண்டு பாட்டு ஓடியதும் ஊசியைத் தூக்கிவிடுவார்களாம். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவர் அதைத் தனியாகவே கேட்டிருக்கிறார்.

2020 மே மாதம், குழுவின் பாடகர் ஃபில் மே இறந்த வாரத்தில், ஊரடங்கு நேரம், அந்த ரெக்கார்டை வேலிக்கு மேலே என்னிடம் நீட்டினார். "முதலில் உறையைப் படி, அப்புறம் கேள்" என்றார். நான் படிக்காமல் கேட்டேன். பாட்டுகள் பிடித்தன. சித்தார், மெல்லோட்ரான் (டேப்பில் பதிந்த ஓசைகளை வாசிக்கிற கீபோர்டு), அடுக்கடுக்கான குரல்கள் எல்லாம் பிடித்தன. ஆனால் கதை என்று ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் உறையைப் படித்தேன். ஒவ்வொரு பாட்டின் வரிகளுக்கும் நடுவே ஃபில் மே எழுதிய சின்னச் சின்னப் பத்திகள் இருக்கின்றன. கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது. படித்துக்கொண்டே திரும்பக் கேட்டபோது அதே பாட்டுகள் வேறு பாட்டுகளாகிவிட்டன.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செபாஸ்டியன் எஃப். சாரோ ஒரு சின்ன ஊரில் பிறக்கிறான். ஊர்க்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற துயர ஆலைக்கு அவனும் போகிறான். ஒரு பெண்ணை விரும்புகிறான். போர் வருகிறது, சிப்பாயாகிறான். துப்பாக்கிச் சத்தமும் பீரங்கிச் சத்தமும் அவன் காதில் ஒரு தாளமாகவே மாறிவிடுகின்றன. போர் முடிந்ததும் 'அமெரிக்' என்கிற தேசத்தில் குடியேறி, அவளை வரவழைக்கிறான். அவள் வருகிற 'விண்டன்பர்க்' என்ற வான்கப்பல் அவன் கண்ணெதிரே எரிந்து போகிறது. அவள் சாவோடு முதல் பக்கம் முடிகிறது. ரெக்கார்டைத் திருப்பிப் போட்டால் பாரன் சாட்டர்டே என்று ஒருவன் வருகிறான். ஹெய்ட்டியின் வூடூ வழிபாட்டில் கல்லறைகளைக் காக்கிற பாரன் சமெடியின் பெயரை அப்படியே மாற்றியது. அவன் சாரோவின் கண்களை இரவல் வாங்கிக்கொண்டு, அவனை அவனுக்குள்ளேயே ஒரு பயணம் கூட்டிப்போகிறான். சாரோ முதலில் நிலாவை நோக்கிப் பறப்பதாக நினைக்கிறான். கிட்டப் போனால் அது நிலா இல்லை, தன்னுடைய முகம்! வாய் வழியே, தொண்டை வழியே உள்ளே போனால் ஓக் மரக் கதவுகள். திறந்தால் கண்ணாடிகள் நிறைந்த அறை, ஒவ்வொன்றிலும் அவனுடைய சிறு வயது நினைவு. அதையும் தாண்டி ஒரு சுழல் படிக்கட்டு, அதன் முடிவில் ஒளி புகாத இரண்டு கண்ணாடிகள். அதில் தன்னைப் பற்றிய கசப்பான உண்மைகளைப் பார்க்கிறான். அதற்குப் பிறகு அவனால் யாரையும் நம்ப முடியவில்லை. கிழவனாகி, உலகத்திலேயே தனிமையான மனிதனாக முடிகிறான்.

இப்போது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்த 13 பாட்டையும் வரிசை மாறாமல் வாசிக்கப்போகிறோம். 120 நாற்காலி போடலாம். அடுத்த அக்டோபரில் இரண்டு இரவு. படங்களுக்கு நான் பொறுப்பு.

போன மாதம் ஒரு ஒத்திகைக்கு இருபது பேரைக் கூப்பிட்டோம். பாட்டில் என்ன வருகிறதோ அதையே திரையில் காட்டினேன். ஆலை என்றால் ஆலை, போர் என்றால் பதுங்கு குழி. வான்கப்பல் எரிகிற பாட்டுக்கு 1937இல் ஹிண்டன்பர்க் என்ற நிஜ வான்கப்பல் எரிந்த செய்திப்படத்தைப் போட்டேன். எல்லாக் கண்ணும் திரையில்தான். வாசிக்கிறவர்களை யாரும் பார்க்கவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அந்த நெருப்பில் யார் செத்தது?" என்று கேட்டார். இவ்வளவு படம் காட்டியும், செத்தது அவன் காதலி என்பதே போய்ச் சேரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். உறையில் இருக்கிற அந்தப் பத்திகளை மேடையில் எப்படிக் கொண்டுவருவது? எழுத்தாகத் திரையில் போடலாமா, ஆள் வைத்துச் சொல்ல வைக்கலாமா? கண்ணாடி அறைக்கு எந்த மாதிரிப் படம் வைப்பது? அப்புறம், எங்கள் டிரம்மர் காதில் க்ளிக் டிராக் (தாளம் தவறாமல் இருக்க 'டிக் டிக்' என்று ஓடும் ஒலி) போட்டு வாசிக்க முடியாது என்கிறார். அப்படியானால் படத்தையும் பாட்டையும் எப்படி ஒட்ட வைப்பது?

---

பழைய தட்டு எழுதியது:

இந்த ஆல்பத்தைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதிப் படிப்பேன் என்று நினைக்கவே இல்லை. மனம் நிறைந்துவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்த ஆல்பத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது, அதனால் அதையே சொல்கிறேன்.

நல்ல இடத்தில் பதிவானதுதான். ஆபி ரோடு ஸ்டுடியோவில், 1967 கடைசியிலிருந்து 1968 வரை. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். 1965 வரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவு செய்தவர், பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. கிதார் டிக் டெய்லர், ரோலிங் ஸ்டோன்ஸின் ஆரம்ப நாட்களில் அவர்களுக்கு பேஸ் வாசித்தவர். ஆளும் இடமும் குறையில்லை. அப்படியும் விற்கவில்லை. அமெரிக்காவில் இன்னும் மோசம். மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் கிளையான ரேர் எர்த் அதை 1969இல்தான் வெளியிட்டது. அதற்குள் அந்த வருஷம் மே மாதமே தி ஹூ குழுவின் 'டாமி' வந்துவிட்டது, அதுவும் ஆல்பம் முழுக்க ஒரே கதை சொல்வது. முன்னால் எழுதியது இது. ஆனால் அங்கே இருந்தவர்கள் காதில் இது பின்னால் வந்ததாகத்தான் விழுந்தது.

வெளிவந்த கையோடு லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் இதை மேடையேற்றவும் பார்த்தார்கள். எப்படி என்றால், டேப்பை ஓடவிட்டு, பாத்திரங்களாக ஊமை நடிப்பு! டிரம்மர் ட்விங்க்தான் சாரோ. அந்தக் காலத்தில் இந்த அடுக்குக் குரலையும் ஓசைகளையும் நேரடியாக வாசித்துக் கொண்டுவருவது லேசில்லை, அதனால் அந்த வழி. யோசித்துப் பாருங்கள். அந்த மேடையில் நடிப்பு இருந்தது, பாட்டு இருந்தது, கதை சொல்கிற குரல் மட்டும் இல்லை. நீங்கள் ஒத்திகையில் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

முப்பது வருஷம் கழித்து, 1998 செப்டம்பர் 6ஆம் தேதி, அதே ஆபி ரோடுக்குத் திரும்பி வந்து முழு ஆல்பத்தையும் நேரடியாக வாசித்தார்கள். இணையத்தில் நேரலையும் போனது. டயல்-அப் மோடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காலம் அது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் கிதாரோடு வந்து சில பாட்டுகளில் சேர்ந்துகொண்டார். ஆனால் அன்றைக்குப் பெரிய வேலை செய்தவர் என்று நான் சொல்வது பாடகர் ஆர்தர் பிரவுனை. 1968இல் 'ஃபயர்' பாட்டால் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தாரே, அவர்தான். பாட்டுகளுக்கு நடுவே கதையைச் சொன்னது அவர் குரல். அந்தப் பதிவு 'ரெசரக்‌ஷன்' என்ற பெயரில் ஆல்பமாகவும் வந்தது. அதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். பாட்டுகள் அதே பாட்டுகள்தான், ஆனால் முதல் தடவை கேட்கிறவனுக்கும் இப்போது கதை புரிகிறது. உறை வாய் திறந்துவிட்டது.

ஆகவே எழுத்து வேண்டாம், ஆள் வையுங்கள். திரையில் எழுத்து வந்தால் ஜனங்கள் படிப்பார்கள். படிக்கும்போது காது மூடிக்கொள்ளும். உங்களுக்குக் கூத்தில் கட்டியங்காரனைத் தெரியாமல் இருக்காது. அவன் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும், துரியோதனன் வேஷம் கட்டி முடிக்காவிட்டாலும் ஜனங்கள் அவனைப் பார்த்துவிடுவார்கள். ஒரே ஆள், ஒரே இடம், கடைசி வரை அந்த ஒரே குரல். நடிகர் வேண்டும் என்றுகூட இல்லை.

ஒன்றே ஒன்று. பத்தியைப் பாட்டுக்கு முன்னால் சொல்லுங்கள், ஒருபோதும் பாட்டுக்கு மேலே ஏற்றாதீர்கள். வான்கப்பல் பாட்டுக்கு முன்பு மட்டும் சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருங்கள். கிதார் அங்கே எரிகிற மாதிரியே நுழையும்.

---

நிழல் திரை எழுதியது:

நாடகக் குழுக்களுக்கு வீடியோ செய்வதுதான் என் பிழைப்பு. முந்தைய பதிவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் தொழில் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அளவு. உங்கள் புரொஜெக்டர் என்ன, திரை எவ்வளவு அகலம் என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி ஒரு கூடத்தில் பெரும்பாலும் 6000 லூமன் (ஒளியின் அளவு) மெஷினும் 5 மீட்டர் அகலத் திரையும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அகலம் 16க்கு உயரம் 9 என்ற விகிதம் என்றால் உயரம் சுமார் 2.8 மீட்டர், மொத்தம் 14 சதுர மீட்டர். திரையில் விழுவது 430 லக்ஸ் போல, அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை லூமன். மேடையில் வாசிப்பவர் முகத்துக்கு முன்னாலிருந்து லைட் போட்டால், அதில் ஒரு பகுதி திரையில் சிதறும், படம் வெளுத்துவிடும். முன் லைட்டை மறந்துவிடுங்கள். ஆட்களைத் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னுக்குத் தள்ளி, பக்கவாட்டிலிருந்து மட்டும் லைட் கொடுங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இந்தக் கதைக்கு அது பொருத்தமும்கூட. லென்ஸ் 1.5 விகிதம் (படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம்) என்றால் 5 மீட்டர் படத்துக்கு 7.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அதையும் அளந்து பாருங்கள்.

க்ளிக் டிராக் விஷயத்தில் நான் டிரம்மர் பக்கம். 1968இல் ராக் குழுக்கள் பெரும்பாலும் க்ளிக் வைத்து வாசித்ததில்லை, அந்தப் பாட்டுகள் மூச்சு விட்டு ஏறி இறங்கும். அவரைப் படத்துக்குக் கட்டாதீர்கள், படத்தை அவருக்குக் கட்டுங்கள். மேடைக்கான படங்களை வரிசையாக ஓட்டுகிற க்யூலேப் மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் க்யூவாக வைத்து, பாட்டைக் காதால் கேட்டு நீங்களே அடுத்த படத்தை ஓடவிடும் 'கோ' பட்டனைத் தட்டுங்கள். எங்கே தட்டுவது என்று வரித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது பல்லவிக்கு முன் டிரம் உருளும்போது, கடைசிக் குரல் மடங்கும்போது, இப்படி. ஒவ்வொரு படத்தையும் பாட்டை விட ஒரு நிமிஷம் நீளமாகவோ, முடிச்சுத் தெரியாமல் சுற்றி வருகிற மாதிரியோ செய்துகொண்டால் அவர்கள் எவ்வளவு இழுத்தாலும் கவலை இல்லை. திருவிழா நாடகத்துக்கு லைட் போட்டவர் நீங்கள், பின்பாட்டைப் பார்த்து டிம்மரைத் தூக்கிய கை. இது உங்களுக்குத் தானாக வரும்.

கண்ணாடி அறைதான் இதில் பெரிய விஷயம். நான் இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதையில் அந்தக் கண்ணாடிகளில் தெரிவது சாரோவின் பழைய நினைவுகள். அப்படியானால் பார்க்கிறவர்களுக்கும் அது நினைவாக இருக்க வேண்டும், புதுப் படமாக இருக்கக் கூடாது. முதல் பக்கத்தில் ஆறு பாட்டு. பாட்டுக்கு ஒன்றே ஒன்று, ஆறே படம் காட்டுங்கள். படம் என்றால் அசையாத மாதிரி, மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி: ஆலைச் சுவரின் செங்கல், ஒரு பெண்ணின் கையில் காலை வெயில், சேறு படிந்த பூட்ஸ் ஜோடி. அவ்வளவுதான். அப்போது ஜனங்கள் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு வாசிப்பவர்களிடம் திரும்பி வருவார்கள். இடைவேளை விடுங்கள், ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிற இடம் அது. இரண்டாம் பக்கத்தில் கண்ணாடி அறை வந்ததும் அதே ஆறு படமும் ஒரே நேரத்தில், துண்டு துண்டாக, இடம் வலம் மாறித் திரும்பி வரட்டும். கூடத்தில் இருக்கிற 120 பேருக்கும் அது அவர்களே பார்த்த பழைய படம். அவர்களுக்கும் ஒரு நினைவு கிடைத்துவிடும்.

ஒளி புகாத கண்ணாடிக்கு வீடியோவே வேண்டாம். மேடை வலைத்துணி ஒன்று வாங்குங்கள், சார்க்ஸ்டூத் காஸ் என்று கேட்டால் லண்டனில் வாடகைக்கே கிடைக்கும். முன்னாலிருந்து லைட் போட்டால் அது சுவர். முன் லைட்டை இறக்கி பின்னால் ஒரு லைட்டை ஏற்றினால் சுவர் கரைந்து, பின்னால் நிற்கிற ஆள் தெரிவான். 1862இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் பெப்பர் என்பவர் சாய்ந்த கண்ணாடியை வைத்து மேடையில் பேய் காட்டினார். லைட்டைக் கூட்டிக் குறைத்தே ஆளைக் கொண்டுவந்து மறைத்த வித்தை அது. உங்கள் துணி வேறு ரகம், சூத்திரம் அதேதான். ஆல்பத்தில் 'வெல் ஆஃப் டெஸ்டினி' பாட்டே இல்லை, ஓசைகளின் கலவை, ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த இடத்தில் வலைத்துணி கரையட்டும்.

அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் வேண்டாம். அடுத்த பாட்டான 'ட்ரஸ்ட்' முதல் கடைசி வரை படம் இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: கறுப்புப் படம் ஓடவிட்டால் அது கறுப்பாக இருக்காது, புரொஜெக்டர் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தைத் திரையில் வீசிக்கொண்டே இருக்கும். இருட்டில் அது பளிச்சென்று தெரியும். ஷட்டரை மூடுங்கள். பிஜேலிங்க் வசதி (கணினியிலிருந்து புரொஜெக்டரை இயக்கும் வழி) உள்ள மெஷின் என்றால் க்யூலேப்பிலிருந்தே மூடச் சொல்லலாம். கடைசிப் பாட்டு ஒன்றரை நிமிஷம்தான், கிதாரும் குரலும். ஒரே ஒரு விளக்கு.

ஹிண்டன்பர்க் படத்தை எடுத்துவிடுங்கள், அண்ணா. அதில் செத்தது 36 பேர், நிஜ மனிதர்கள். ஃபில் மே பெயரை விண்டன்பர்க் என்று மாற்றி வைத்திருக்கிறார். நிஜப் படத்தைப் போட்ட உடனே பார்க்கிறவன் மனசு அது எரிந்த நியூ ஜெர்சிக்குப் போய்விடுகிறது. சாரோவின் காதலி அந்தக் கப்பலில் இல்லை.

---

புரூக்ளின் குளிர் எழுதியது:

நான் ராக் இசை அவ்வளவு அறிந்தவள் இல்லை. ஆனால் நீங்கள் செய்யப்போவது மாதிரி ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2006 டிசம்பர். அப்போது புரூக்ளினில் இருந்தேன். ஆற்றோரம், செயின்ட் ஆன்ஸ் வேர்ஹவுஸ். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் தன் 'பெர்லின்' ஆல்பத்தை முழுதாக வாசித்தார். 1973இல் வந்தபோது விமர்சகர்கள் பலர் அதைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் 98க்கு மேல் ஏறவில்லை. இங்கிலாந்தில் மட்டும் 7ஆம் இடம் வரை போனது. ஜிம், கரோலின் என்று இரண்டு பேரின் கதை. அடி, போதை, பிள்ளைகளைப் பறிகொடுப்பது, கடைசியில் அவள் தற்கொலை. முப்பத்து மூன்று வருஷம் அதை அவர் முழுதாக மேடையில் வாசித்ததே இல்லை.

மேடை அமைத்தது ஓவியர் ஜூலியன் ஷ்னாபெல். அவருடைய மகள் லோலா எடுத்த படங்கள் பின்னால் ஓடின, கரோலினாக நடிகை இமானுவல் செய்னர். 1973இல் அந்த ஆல்பத்தைத் தயாரித்த பாப் எஸ்ரின், அதில் கிதார் வாசித்த ஸ்டீவ் ஹண்டர், இரண்டு பேரும் வந்திருந்தார்கள். புரூக்ளின் யூத் கோரஸ் பிள்ளைகளும் பாடினார்கள்.

எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது எது என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். திரையில் அந்தப் பெண் கதையை நடித்துக் காட்டவில்லை. திரும்புகிறாள், சிரிக்கிறாள், எங்கேயோ பார்க்கிறாள். படம் மங்கலாக, ஒரு வீட்டில் எடுத்த பழைய ஃபிலிம் மாதிரி இருக்கும். பாட்டில் அவளுக்கு என்னென்னவோ நடக்கிறது, திரையில் அவள் இன்னும் சந்தோஷமாக இருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டு சொல்வதையே படமும் சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

உங்கள் சாரோவின் காதலிக்கும் அப்படி ஒன்று செய்யலாம் இல்லையா? எரிகிற கப்பலைக் காட்ட வேண்டாம். "காலை வணக்கம்" என்று அவள் சொல்கிற பாட்டு இருக்கிறதே, அதில் காட்டின அந்தக் கை, அந்த வெயில், அதையே எரிகிற பாட்டிலும் காட்டுங்கள். அந்த அம்மா இனி யார் செத்தது என்று கேட்க மாட்டார்.

இன்னொன்று. அன்று லூ ரீட் பாட்டுகளுக்கு நடுவே கதை சொல்லவில்லை, அந்தப் பாட்டுகளிலேயே கதை இருக்கிறது. உங்கள் ஆல்பம் அப்படி இல்லை என்கிறீர்கள். அதனால் குரல் கட்டாயம் வேண்டும் என்றுதான் எனக்கும் படுகிறது.

---

உரிமைப் பக்கம் எழுதியது:

சந்தோஷமான விஷயத்தில் காகிதத்தைக் கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். ஆனால் இப்போதே பார்த்துவிட்டால் அக்டோபரில் நிம்மதி.

கூடத்துக்கு இசை உரிமைக் கட்டணம் வசூலிக்கிற பிஆர்எஸ், பிபிஎல் அமைப்புகள் சேர்ந்து தருகிற 'தி மியூசிக் லைசென்ஸ்' இருக்கும். கச்சேரியாகப் பாட்டுகளை வாசிப்பது வரை அந்த வழியில் முறைப்படுத்திவிடலாம், டிக்கெட் வைத்து நடத்துவதற்கான கணக்கை மட்டும் கூடத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உடை, நடிப்பு, பாத்திரம், கதை என்று சேர ஆரம்பித்தால் அது கச்சேரி என்ற நிலையைத் தாண்டி நாடகமாகிவிடும். அதற்குப் பாட்டுகளின் பதிப்பாளரிடமே நேராக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வலைத்துணிக்குப் பின்னால் சாரோவாக ஓர் ஆளை நிறுத்தப்போகிறீர்கள், அதனால் உங்களுக்கு இது தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் உள்ள பத்திகள் தனி. அது ஃபில் மேயின் எழுத்து. பிரிட்டனில் எழுத்தாளர் இறந்த வருஷம் முடிந்து 70 வருஷம் வரை உரிமை உண்டு. அவர் 2020இல் இறந்தார், ஆகவே 2090 முடியும் வரை. பாட்டுக்கு அனுமதி கேட்கும் அதே கடிதத்தில் இந்தப் பத்திகளை உரக்கப் படிக்கவும் கேளுங்கள். உறை ஓவியமும் அவர் வரைந்தது, அதைத் திரையில் காட்டும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை நாற்காலி, எத்தனை இரவு, டிக்கெட் என்ன விலை, பதிவு செய்வீர்களா இல்லையா, எல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். 120 பேர், இரண்டு இரவு, பதிவு கிடையாது என்று தெளிவாக எழுதினால் அவர்களுக்கு முடிவெடுப்பது சுலபம். ஆறு மாதமாவது முன்னால் அனுப்புங்கள்.

---

வால்தம்ஸ்டோ விளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், முதலில் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நிழல் திரை தம்பி, அளவு அப்படியே சரி. 6000 லூமன், திரை 4.8 மீட்டர். முன் லைட்டை எல்லாம் அணைத்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நான்கு விளக்கு வைத்தேன். ஆட்கள் மரத்தில் செதுக்கின மாதிரி நிற்கிறார்கள். ஷட்டர் விஷயம் தெரியாமல் இத்தனை நாள் சாம்பல் கட்டத்தோடு நிகழ்ச்சி நடத்தியிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. வலைத்துணி அடுத்த மாதம் வருகிறது.

புரூக்ளின் அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் முதலில் செய்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் காலை எட்டு மணி வெயிலில் என் மனைவியின் கையை எடுத்தேன். தம்ளரை வைக்கிறாள், திரைச்சீலையை ஒதுக்குகிறாள், அவ்வளவுதான், நாற்பது விநாடி. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அதை இரண்டு பாட்டிலும் போட்டேன். இரண்டாவது தடவை, கிதார் நுழைந்து திரையில் அந்தக் கை வந்ததும், எங்கள் கீபோர்டு வாசிக்கிற பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "ஒரு நிமிஷம் கொடுங்கள்" என்றாள். கொடுத்தோம். மறுபடி முதலிலிருந்து வாசித்தோம்.

குரலுக்கு ஒரு நடிகரைக் கேட்டு வைத்திருந்தேன். பழைய தட்டு ஐயா எழுதியதைப் படித்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். முதலில் மாட்டேன் என்றார், பேஸை யார் வாசிப்பது என்றார். பாட்டுக்கு முன்னால்தானே சொல்லப்போகிறீர்கள், கிதார் தோளிலேயே இருக்கட்டும் என்றேன். அப்புறம் உள்ளே போய் ரெக்கார்டை எடுத்துவந்தார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உறையைக் கையில் பிடித்தபடி முதல் பத்தியைப் படித்தார். தபால்காரர் குரல், வாசற்படியில் நின்று பெயர் கூப்பிடுகிற மாதிரி. இடையில் இரண்டு மூன்று வரிக்கு அவர் உறையைப் பார்க்கவே இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அவர் படிக்கும்போது அந்த அசல் உறையையே கையில் வைத்திருக்கட்டும் என்று நான் நினைக்கிறேன். மேல்முனை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது, பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரியும். உரிமைப் பக்கம் நண்பரே, ஓவியத்தைத் திரையில் காட்டவில்லை, கையில் பிடித்திருப்பது மட்டும்தான், அதையும் கடிதத்தில் சொல்ல வேண்டுமா? கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் சொன்னதும் அனுப்பிவிடுகிறேன்.